மோரும் தாழ்ப்பாளும்

கீழ் வீடு
8.10.2025

திருமதி தேவிப்ரியா அவர்களுக்கு,

போன வருடம் சித்திரையில் மாடி வீட்டைப் பார்க்க வந்தபோது நீங்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். வீடு பார்க்க வருகிறவர்கள் என்ன கேட்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம். வாடகை எவ்வளவு, போர் தண்ணீரா, கரண்ட் யூனிட் எப்படி, மாடியில் வடகம் காயப்போடலாமா. நீங்கள் இதில் ஒன்றையும் கேட்கவில்லை. நேரே குளியலறைக்குப் போனீர்கள். கதவைச் சாத்தினீர்கள், திறந்தீர்கள். "சார், தாப்பா நல்லா விழுதா?" என்றீர்கள்.

அன்று உள்ளுக்குள் சிரித்தேன். இவ்வளவு சின்னக் கவலை உள்ளவரால் பெரிய தொல்லை வராது என்று நம்பி வீட்டைக் கொடுத்தேன். முப்பத்து நான்கு வருடம் அறிவியல் நடத்தியவன் ஒரே ஒரு கேள்வியை வைத்து முடிவுக்கு வந்திருக்கக் கூடாது.

நேற்று மாடிப்படியில் நின்று, "உங்ககிட்ட பேசறதே வேஸ்ட் சார். எதுவா இருந்தாலும் எழுதிக் குடுங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினீர்கள். எழுதித் தருகிறேன். மீட்டர் பெட்டிக்குள் வைக்கிறேன். பதில் இருந்தால் நீங்களும் அங்கேயே வையுங்கள். நமக்கு நடுவில் இருப்பது பதினெட்டுப் படி. அதற்குத் தபால்தலை வேண்டாம்.

விஷயம் செப்டிக் டேங்க். கடல் பொங்குவதற்கும் நிலவுக்கும் தொடர்பு உண்டு என்று ஒன்பதாம் வகுப்புக்கு எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். செப்டிக் டேங்க் பொங்குவதற்கும் நிலவுக்கும் தொடர்பு உண்டு என்று எந்தப் பாடநூலிலும் கிடையாது. ஆனால் என் டைரியில் இருக்கிறது. ஜூன் பௌர்ணமிக்கு மறுநாள், என் குளியலறை ஓட்டை வழியாகத் தண்ணீர் மேலே வந்தது. ஜூலையிலும் பௌர்ணமிக்கு மறுநாள்தான். ஆகஸ்ட், செப்டம்பர், இதோ இந்த மாதமும். அதற்கு முன்பு மூன்று வருடத்துக்கு ஒரு முறை லாரி வந்தால் போதும். மேலே இருப்பவர்கள் ஊற்றுவது கீழே இருப்பவன் காலடியில் எழுகிறது. இதற்கு அறிவியல் வாத்தியார் தேவையில்லை, மூக்கு இருந்தால் போதும்.

படிக்கட்டில் ஈரக் கால் தடங்களையும் பார்த்தேன். பெரிய கால், சின்னக் கால், மெட்டி அழுந்திய கால். ஒரு வீட்டில் இரண்டு பேர் இருந்தால் இத்தனை அளவில் கால் இருக்காது.

ஒரு வீட்டை வாடகைக்கு விட்டவனை இந்த ஊர் பண்ணையார் என்று நினைக்கிறது. பண்ணையாரின் வண்டவாளத்தைக் கேளுங்கள். உங்களுக்கு முன்பு மாடியில் ஒரு வெளிநாட்டுக்காரர் இருந்தார். மௌன விரதம். குழாயைத் திறந்துவிட்டுத் தியானத்தில் உட்காருவார். நான் போய்க் கத்தினால் கண்ணைத் திறந்து புன்னகைப்பார். மேல்தொட்டி காலியாகும்வரை அந்தப் புன்னகை மாறாது. அவருக்கு முன்பு இருந்தவர் சுவருக்கு நாற்பத்தொரு ஆணி அடித்தார். காலி செய்தபோது ஆணிகளை மட்டும் பத்திரமாகப் பிடுங்கிக்கொண்டு போனார். வரி, மோட்டார், பாசி, ஒழுகும் மூலை எல்லாம் எனக்கு. "அவருக்கென்ன, வாடகை வருது" என்ற பெயரும் எனக்கு.

இத்தனையும் பொறுத்தேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வழிப்போக்கர்களுக்கு என் வீட்டைத் திறந்துவிடுவதைப் பொறுக்க முடியாது. தலைக்கு எவ்வளவு வாங்குகிறீர்கள் என்று கேட்கவில்லை. கேட்பது எனக்குக் கேவலம். ஜனவரி 31க்குள் காலி செய்துவிடுங்கள்.

இருசப்பன்


மேல் வீடு
9.10.2025

ஐயா,

கடிதம் கிடைத்தது. ஆபீசில் நான் பார்க்கும் மனுக்களைவிட நீளம். விஷயம் அவற்றைவிடக் கம்மி.

ஆமாம், பௌர்ணமி அன்று கிரிவலம் வரும் பெண்கள் மேலே வந்து பாத்ரூம் போகிறார்கள். ஐந்து மாதமாக. ஒரு பைசா வாங்கியதில்லை. அதைக் கேட்பது கேவலம் என்று எழுதியும் விட்டு, கேட்டும் விட்டீர்கள்.

எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன். ஜூன் மாதம், சாயங்காலம். வாசலில் உங்கள் மோர்ப் பந்தல். "அடியார்களுக்கு நீர்மோர். உபயம்: இருசப்பன், அறிவியல் ஆசிரியர் (ஓய்வு)" என்று ஆளுயர பேனர். ஒரு அம்மா இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு உங்கள் மோர் ஊற்றும் சடையனிடம் மெதுவாக ஏதோ கேட்டார். அவர் ஊருக்கே கேட்கிற மாதிரி, "அதெல்லாம் இங்க இல்லம்மா, முன்னாடி போ, முன்னாடி போ" என்றார். அந்த அம்மா முன்னாடி நடந்த நடையை நான் மாடியிலிருந்து பார்த்தேன். பெண்ணாகப் பிறந்தவர்களுக்கு அந்த நடை தெரியும். என் பொண்ணு கவிநிலாதான் ஓடிப் போய்க் கூட்டி வந்தாள். அடுத்த மாதம் அந்த அம்மா தன் தெருவிலிருந்து ஐந்து பேரோடு வந்தார். இப்போது எண்பது, தொண்ணூறு பேர் வருகிறார்கள்.

நீங்கள் வாசலில் இருநூறு லிட்டர் மோர் கொடுக்கிறீர்கள். அறிவியல் வாத்தியார் நீங்கள்தான், சொல்லுங்கள். அந்த இருநூறு லிட்டரும் எங்கே போகும் என்று நினைத்தீர்கள்? அண்ணாமலையார் வந்து வாங்கிக்கொள்வாரா?

ஜனவரியில் காலி செய் என்கிறீர்கள். கவிநிலாவுக்கு மார்ச்சில் பத்தாவது பொதுத்தேர்வு. வெளிநாட்டுக்காரர்கள் வரும் சீசன் நேரத்தில் இந்த செங்கம் ரோட்டில் யாரும் குடும்பத்துக்கு வீடு தருவதில்லை. அவள் அப்பாவுக்கு ஓசூரில் வேலை, மாதத்துக்கு ஒரு நாள்தான் வருகிறார். இதெல்லாம் தெரிந்துதான் அந்தத் தேதியைப் போட்டிருக்கிறீர்கள்.

தேவிப்ரியா


கீழ் வீடு
11.10.2025

திருமதி தேவிப்ரியா அவர்களுக்கு,

பழக்கதோஷம், உங்கள் பதிலுக்கு மதிப்பெண் போட்டேன். பத்துக்கு மூன்று. உண்மையை ஒப்புக்கொண்டதற்கு இரண்டு, நேரத்துக்கு ஒப்படைத்ததற்கு ஒன்று.

மோர் தர்மம், குளியலறை சொத்து. இரண்டையும் குழப்பக் கூடாது. ஒரு உதாரணம் சொல்கிறேன். வகுப்பில் ஒரு பிள்ளை விரலைக் காட்டி, "சார், வெளிய போணும்" என்பான். இரக்கப்பட்டு அனுப்பினால் நாற்பது விரலும் எழும். அதனால் நான் யாரையும் அனுப்பியதில்லை. மணி அடிக்கும்வரை அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் செத்துப்போகவில்லை. அதில் இரண்டு பேர் இப்போது டாக்டர்கள்.

நீங்கள் ஒருவரை அனுமதித்தீர்கள், தொண்ணூறு பேர் வந்தார்கள். கார்த்திகை தீபத்துக்கு ஊருக்கு வருகிற கூட்டம் எத்தனை லட்சம் என்று உங்கள் ஆபீசிலேயே கேட்டுப் பாருங்கள். அத்தனை பேரையும் என் டேங்க்கில் இறக்குவதாக உத்தேசமா?

கிரிவலப் பாதையில் கழிப்பறைகள் கட்டித்தான் வைத்திருக்கிறார்கள். வரிசை நீளம் என்பீர்கள். வரிசையில் நிற்கத் தெரியாதவர்கள் அடக்கிக்கொள்ளத் தெரிந்துகொள்ள வேண்டும். என் மனைவி ரேணுகாம்பாள் என்னோடு இருபத்தாறு வருடம் கிரிவலம் வந்திருக்கிறாள். கிளம்புகிற அன்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. பதினான்கு கிலோமீட்டரும் அப்படியே நடப்பாள். வழியில் யார் மோர் நீட்டினாலும் வாங்க மாட்டாள். அந்த விரதத்தை நான் வகுப்பில் உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன். "மன உறுதி என்றால் என்ன? எங்கள் வீட்டில் வந்து பாருங்கள்" என்பேன். இப்போது மகளின் பிரசவத்துக்கு பெங்களூர் போயிருக்கிறாள். இங்கே இருந்தால் உங்களுக்கு அவளே பாடம் எடுத்திருப்பாள்.

ஜனவரி 31. மாற்றமில்லை.

இருசப்பன்


மேல் வீடு
13.10.2025

ஐயா,

பத்துக்கு மூன்று போட்டதற்கு நன்றி. உங்கள் கடிதத்துக்கு நான் மதிப்பெண் போடவில்லை. சில விடைத்தாளைத் திருத்தாமல் வைப்பதுதான் மரியாதை.

உங்கள் வகுப்பில் வெளியே விடாத பிள்ளைகளில் பெண் பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். அவர்களில் ஒருத்தியை என்றைக்காவது பார்த்தால் உங்கள் வகுப்பில் என்ன படித்தாள் என்று கேளுங்கள். ஒளிச்சிதறல் நினைவிருக்காது. மணி எப்போது அடிக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தது நினைவிருக்கும்.

உங்கள் வீட்டு அம்மா ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்று அவரிடம் கேட்டீர்களா, இல்லை நீங்களே விரதம் என்று பெயர் வைத்துவிட்டீர்களா?

செய்முறைத் தேர்வு வைக்காமல் எதையும் நம்பக் கூடாது என்று நீங்கள் சொல்வதாக சடையன் பெருமையாகச் சொல்வார். ஒரு செய்முறை வைக்கிறேன். நவம்பர் பௌர்ணமி அன்று உங்கள் மோரை இரண்டு டம்ளர் குடியுங்கள். குடித்துவிட்டு மலையை ஒரு சுற்று வாருங்கள். ஒரே நிபந்தனை. ஆம்பளைகள் ஒதுங்குகிற மரம், சுவர், மின்கம்பம் எதற்கும் போகக் கூடாது. ஒரு பெண் போகக்கூடிய இடத்துக்கு மட்டும்தான் போகலாம். அவள் நிற்கிற வரிசையில் அவளைப் போலவே நின்று.

முழுச் சுற்று முடித்து வந்தால் ஜனவரி வேண்டாம், டிசம்பரிலேயே காலி செய்கிறேன். பெட்டி கட்டுகிற சத்தம்கூட உங்களுக்குக் கேட்காது. முடியாவிட்டால் என்ன செய்வது என்று நான் எழுதவில்லை. வாத்தியார் நீங்கள், நீங்களே முடிவு செய்யுங்கள்.

தேவிப்ரியா


கீழ் வீடு
14.10.2025

திருமதி தேவிப்ரியா அவர்களுக்கு,

ஏற்றுக்கொள்கிறேன். நாற்பது வருடமாக இந்த மலையைச் சுற்றுகிறேன். அதன் ஒவ்வொரு லிங்கமும் எந்த வளைவில் வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இரண்டு டம்ளர் என்ன, மூன்று குடிக்கிறேன்.

பெட்டி கட்டுவதற்குச் சாக்கு வேண்டுமானால் சடையனிடம் சொல்லுங்கள். தயிர்க்காரர் போட்டுவிட்டுப் போன சாக்குகள் நிறைய இருக்கின்றன.

இருசப்பன்


மேல் வீடு
6.11.2025

ஐயா,

நேற்று சாயங்காலம் ஆறே காலுக்கு என் வீட்டுக் கதவைத் தட்டியது யார் என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினால் ஒரு பெரிய மனிதரின் பெயர் கெடும்.

அந்தப் பெரிய மனிதர் ஒரு பழைய மாணவனின் பைக்கில் வந்து இறங்கினார். கீழ் வீட்டுச் சாவி சடையனின் இடுப்பில் இருந்தது. சடையன் தயிர் வாங்கப் போயிருந்தார். பக்கத்துச் சந்தில் இருக்கும் வெளிக் கழிப்பறை பூட்டியிருந்தது. பூட்டியவரும் அந்தப் பெரிய மனிதரேதான். அதற்குள் பந்தல் கால், டம்ளர் மூட்டை, பழைய பேனர்கள். மற்ற நாட்களில் மோர் அண்டாவும் அங்கேதான் குடியிருக்கும். இருபது வருடமாக யாரும் உபயோகிக்காத கழிப்பறைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடியார்களுக்குத் தெரிந்தால் மோரின் ருசி கொஞ்சம் மாறும்.

பதினெட்டுப் படியையும் அவர் ஏறிய விதத்தை கவிநிலா பார்த்தாள். "அம்மா, நம்ம சாரும்மா" என்றாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வந்திருக்கும்.

வரிசையில் ஏழு பேர். எட்டாவதாக நின்றார். கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டு. பேச்சு மட்டும் என் காதில் விழுந்தது.

"பெரியவரே, சுகர் இருக்கா? வேர்க்குது பாருங்க."

"யாருடி இவரு, லேடீஸ் லைன்ல?"

"கீழ மோர் குடுக்கறாரே, அந்த வாத்தியாருடி."

"அந்த வாத்தியாரா! அப்ப கடைசில நிக்கட்டும். ரெண்டு டம்ளர் ஊத்திட்டு முன்னாடி போ முன்னாடி போன்னு தள்ளினாங்க இல்ல?"

"பாவம்டி, வயசானவரு. நாம இவ்ளோ தூரம் அடக்கிட்டு வந்தோம், இன்னும் ரெண்டு நிமிஷம் அடக்க மாட்டமா? நீங்க போங்க பெரியவரே. தாப்பா நல்லா விழும், பயப்படாதீங்க."

ஏழு பேரும் சுவரோரமாக ஒதுங்கி வழி விட்டார்கள். கடைசியில் சொன்ன அம்மாதான் ஜூன் மாதம் உங்கள் வாசலில் கேட்டவர். அவருக்கு உங்களைத் தெரியும். இருந்தும் வழி விட்டார்.

தேவிப்ரியா


கீழ் வீடு
7.11.2025

திருமதி தேவிப்ரியா அவர்களுக்கு,

சோதனையின் பதிவு கீழே.

மாலை 3.10: மூன்று டம்ளர் மோர். புறப்பாடு.
3.50: வலப்பக்கம் மலை தெளிவு. உடல்நிலை நன்று.
4.25: லேசான உணர்வு. பொருட்படுத்தவில்லை.
4.45: பொருட்படுத்தினேன். பெண்கள் வரிசை ஒன்றைப் பார்த்தேன். அதன் முனை எங்கே என்று தேடிக்கொண்டே நடந்தபோது அடுத்த லிங்கமே வந்துவிட்டது.
5.15: என் வயது ஆள் ஒருவர் புளியமரத்தடியில் ஒதுங்கிவிட்டு வேட்டியை உதறிக்கொண்டு வந்து, "சிவாய நம" என்றார். பதிலுக்கு வணக்கம் சொல்ல என்னால் முடியவில்லை.
5.40: அடி அண்ணாமலை. சோதனை கைவிடப்பட்டது. கோபி என்ற பழைய மாணவன் வயல் பக்கமாக பைக்கில் ஏற்றிக்கொண்டான். "என்ன சார், முட்டி வலியா?" என்றான். ஆமாம் என்றேன். இதுவரை மாணவனிடம் பொய் சொன்னதில்லை.

பிழைகள்: மோரில் உப்பு ஜாஸ்தி. எனக்குச் சர்க்கரை உண்டு. வயது அறுபத்தெட்டு. ஆகவே முடிவை எல்லாருக்கும் பொதுவாக எடுத்துக்கொள்ள முடியாது. சோதனை செல்லாது. காலி செய்யும் தேதியில் மாற்றமில்லை.

கவிநிலா சிரிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். குறித்துக்கொண்டேன்.

இருசப்பன்


மேல் வீடு
16.11.2025

ஐயா,

சோதனை செல்லாது என்கிறீர்கள். சர்க்கரையும் வயதும் உள்ள பெண்கள் கிரிவலம் வருவதே இல்லை என்று ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்துவிட்டீர்கள் போலிருக்கிறது. நல்லது. நான் வீடு பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

புரோக்கர் புகழேந்தி போனிலேயே சிரித்தார். "மேடம், சீசன் டைம்ல ஃபேமிலிக்கு யாரு மேடம் குடுப்பா? வெள்ளக்காரன் வந்தா நாலு மாசம், ஒரு சுவத்துல ஆணி அடிக்க மாட்டான், ஒரு கொழந்த அழாது" என்றார். வேங்கிக்காலில் தனம் என்று ஒரு வீட்டுக்கார அம்மா. வாசலிலேயே நிறுத்தி, "வீட்டுக்காரரு கூட இல்லியா? மாசத்துக்கு ஒரு தபா வருவாரா? அப்ப வேணாம்மா, அக்கம்பக்கம் என்ன பேசுவாங்க" என்று கேட்டைச் சாத்திவிட்டார். இன்னொருவர் வீட்டைக் காட்டுவதற்கு முன்பே, "நீங்க என்ன ஆளுங்க?" என்றார். வீட்டைப் பார்க்காமலே திரும்பிவிட்டேன். பின்னாலேயே, "கேட்டா தப்பா? கேட்டா தப்பா?" என்று தெருமுனை வரை குரல் வந்தது.

உங்களைவிட மோசமான வீட்டுக்காரர்களைப் பார்த்துவிட்டேன். அதனால் உங்கள் மேல் இருக்கும் கோபம் குறையும் என்று நினைத்தேன். ஜாஸ்தியாகிவிட்டது. அவர்கள் யாரும் அந்த வரிசையில் நின்றதில்லை. அவர்களுக்குத் தெரியாது. நீங்கள் நின்றீர்கள். உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் "உப்பு ஜாஸ்தி" என்று எழுத ஒரு படித்தவரால்தான் முடியும்.

வேட்டவலம் ரோட்டைத் தாண்டி ஒரு வீடு கிடைத்திருக்கிறது. டிசம்பர் 14 அன்று போகிறோம். கவிநிலாவுக்குப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ். பாத்ரூம் வீட்டுக்கு வெளியே, தகரக் கதவு. தாழ்ப்பாள் இல்லை.

வீடு பார்க்க வந்த அன்று நான் கேட்ட கேள்வியை எழுதிச் சிரித்திருந்தீர்கள். இங்கே வருவதற்கு முன்பு இருந்த வீட்டிலும் தாழ்ப்பாள் கிடையாது. பொதுச் சந்து. நான் குளிக்கும்போது கவிநிலா வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பாள். அவள் குளிக்கும்போது நான். நான்கு வருடம். அந்த வீட்டுக்காரரிடம் கேட்டபோது, "அம்மாவும் பொண்ணும்தானே, எதுக்குத் தாப்பா?" என்றார். உங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாள் கவிநிலா உள்ளே போய் முக்கால் மணி நேரம் வரவில்லை. என்னடி செய்கிறாய் என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லம்மா, சும்மா உக்காந்திருக்கேன்" என்றாள்.

மறுபடியும் கதவைப் பிடித்துக்கொள்கிறோம். எங்களுக்குப் பழக்கம்தான்.

சாவியை மீட்டர் பெட்டியில் வைத்துவிடுகிறேன். பதில் எழுத வேண்டாம்.

தேவிப்ரியா


கீழ் வீடு
28.11.2025

அன்புள்ள தேவிப்ரியா,

பதில் எழுத வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். பன்னிரண்டு நாள் எழுதவில்லை. இதற்குமேல் தாமதித்தால் நீங்கள் சாமான் வண்டிக்குச் சொல்லிவிடுவீர்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே பெங்களூருக்குப் போன் போட்டேன். ரேணுகாம்பாள் பேத்தியைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள். எடுத்ததும், "ஏம்மா, கிரிவலத்துக்குக் கிளம்பற அன்னிக்கு நீ தண்ணி குடிக்க மாட்டியே, அது என்ன விரதம்?" என்று கேட்டேன்.

"விரதமா? யாரு சொன்னா?" என்றாள்.

"நான்தான் நெனச்சேன்."

"குடிச்சா வழியில எங்கங்க போறது? நீங்க பாட்டுக்கு மரத்தாண்ட ஒதுங்கிட்டு வந்து, 'ம், நட'ம்பீங்க. நான் எங்க ஒதுங்கறது? அதான் குடிக்கல. ஒரு வருஷம் மயக்கம் வந்து உக்காந்துட்டேனே, அப்ப கூட, 'பாத்தியா, விரதத்தோட சக்தி'ன்னு நாலு பேர்கிட்ட சொன்னீங்க. உங்க மூஞ்சில அவ்ளோ சந்தோஷம். எதுக்கு கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

"முட்டி வலின்னு தானே நீ வரத நிறுத்தின?"

"முட்டி நல்லாத்தாங்க இருக்கு. சுகர் வந்தப்புறம் அடக்க முடியல. குழந்த தூங்குது, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளுக்கு ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். கண்ணால் பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே. பக்கத்தில் நடந்தவளை இருபத்தாறு வருடம் பார்த்துவிட்டு, நினைத்ததை மட்டும் எழுதி வைத்திருந்தேன். அதை உதாரணம் என்று கரும்பலகை முன்னால் நின்று சொல்லவும் செய்தேன். எனக்குப் போட வேண்டிய மதிப்பெண்ணை நீங்கள் போடவில்லை. நானே போட்டுக்கொண்டேன். எண்ணைக் கேட்காதீர்கள்.

இனி வீட்டு விஷயம்.

டேங்க் பற்றி நான் சொன்னது தவறில்லை. நான் அசடு என்று தெரிந்துவிட்டதால் டேங்க் பெரிதாகிவிடாது. ஒரே மாலையில் தொண்ணூறு பேர் என்றால் அது தாங்காது. எனவே பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு மாதாமாதம் லாரி வரும். பணம் எங்கிருந்து என்று கேட்பீர்கள். மோரை நிறுத்திவிட்டேன். வயிற்றுக்கு உள்ளே போவதற்கு வழிநெடுகப் பந்தல் போட்டிருக்கிறார்கள். அன்னதானம், பானகம், சுண்டல், பேனர், பேனரில் கும்பிட்டபடி ஒரு முகம். வெளியே போவதற்கு உபயம் என்று எவனும் பெயர் போட்டுக்கொள்வதில்லை. நானும் பத்து வருடம் அந்த முகங்களில் ஒரு முகமாக இருந்தேன்.

சடையனுக்குத்தான் வருத்தம். "சார், மோர் ஊத்தினா கும்புட்டுட்டுப் போவாங்க. இதுக்கு யாரு சார் கும்புடுவா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். "கும்பிட வேண்டாம், நிம்மதியா நடந்து போனா போதும்" என்றேன். "அப்ப நான் என்ன பண்றது?" என்றான். தண்ணீர் ரொப்பச் சொல்லியிருக்கிறேன். 'முன்னாடி போ' என்ற வார்த்தை மட்டும் அவன் வாயிலிருந்து வரக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன்.

சந்தில் இருக்கும் வெளிக் கழிப்பறையைக் காலி செய்தாயிற்று. பந்தல் கால்களை விற்றுவிட்டேன். அண்டாவை மொட்டை மாடிக்கு ஏற்றியாயிற்று; துணி ஊறவைக்க வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். குழாய் மாற்றி, விளக்குப் போட்டு, சுண்ணாம்பும் அடித்தாயிற்று. மூன்று நாளாக உங்கள் வீட்டுக்குக் கேட்ட சுத்தியல் சத்தம் அதுதான். நீங்கள் கேட்காத மாதிரி இருந்தீர்கள். பழைய பேனரைச் சடையன் அதன் கதவுக்கு மேலே கட்டப் பார்த்தான். கிழித்துவிட்டேன். பௌர்ணமிகளில் இனி யாரும் பதினெட்டுப் படி ஏற வேண்டாம். மாடிக் குளியலறை உங்களுக்கும் கவிநிலாவுக்கும் மட்டும். அவள் உள்ளே முக்கால் மணி நேரம் உட்காரட்டும், ஒன்றரை மணி நேரமும் உட்காரட்டும். மேல்தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஜனவரி 31 என்று எழுதிய என் கடிதத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. அதன் பின்பக்கம் காலியாக இருக்கிறது. கவிநிலா கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். வேட்டவலம் ரோட்டு வீட்டுக்காரரிடம் வரவில்லை என்று நீங்கள் சொல்லத் தயங்கினால் நான் போன் செய்கிறேன். தகரக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போடச் சொல்லி அவருக்கும் ஒரு வகுப்பு எடுப்பதாக இருக்கிறேன். அவர் முடிவில் என்னை ஏளனமாக ஏதாவது சொல்வார். சொல்லட்டும். இரண்டு மாதமாக நல்ல பயிற்சி கிடைத்திருக்கிறது.

ரேணுகாம்பாள் தை மாதம் வருகிறாள். தை பௌர்ணமிக்கு அவள் மலை சுற்ற வேண்டும், தண்ணீர் குடித்துவிட்டு. வழியில் எங்கெங்கே நல்ல வீடுகள் இப்படிக் கதவைத் திறக்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை இரண்டு பேர் என்னைப் பைத்தியம் என்றார்கள். அடி அண்ணாமலையில் கோபி மட்டும் சரி என்றான். அவனிடம் முட்டி வலி இல்லை என்ற உண்மையையும் சொல்லிவிட்டேன்.

ஒன்றே ஒன்று பாக்கி. சந்துக் கழிப்பறைக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். தச்சர் நன்றாக விழுகிறது என்கிறார். நானும் விழுகிறது என்கிறேன். எங்கள் இருவர் பேச்சையும் நம்ப வேண்டாம். தீபத்துக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது. இன்று ஆபீசிலிருந்து வந்ததும் உள்ளே போய், கதவைச் சாத்தி, தாழ்ப்பாளை ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

இருசப்பன்